ஸ்பின் பிளாக்கேட்: ‘தடை’ வேண்டாம், ‘மறியல்’ வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) காரணமாக மின்னோட்டம் நின்றுபோவதை இயற்பியலில் ‘ஸ்பின் பிளாக்கேட்’ (spin blockade) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தற்சுழற்சித் தடை’ என்ற பரிந்துரையைப் படித்தேன். தற்சுழற்சி சரி. ‘தடை’தான் ஒத்துவரவில்லை. மின்தடையைப் பள்ளியிலேயே படித்த மாணவர், மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும் என்று நினைப்பார். இங்கே நடப்பது வேறு.

2002-இல் ஜப்பானில் இயற்பியலாளர்கள் ஓனோ, தருச்சா குழுவினர் கண்டதைப் பாருங்கள். இரண்டு குவாண்டம் புள்ளிகள் (எலக்ட்ரான்களை ஒன்றிரண்டாக அடைத்துவைக்கும் மிகச்சிறிய குறைக்கடத்திப் பகுதிகள்) அடுத்தடுத்து இருக்கின்றன. வலப்புள்ளியில் எப்போதும் ஓர் எலக்ட்ரான் உண்டு. இடப்புறமிருந்து இன்னொன்று வருகிறது. இரண்டும் ஒற்றை நிலையில் (singlet, தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை) இணைந்தால், வந்தது வலப்புள்ளிக்குத் தாவும், அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறும், மின்னோட்டம் தொடரும். மும்மை நிலையில் (triplet, தற்சுழற்சிகள் ஈடுசெய்யாத நிலை) இணைந்துவிட்டால் பௌலியின் தவிர்ப்பு விதி வலப்புள்ளியின் கீழ்மட்டத்தில் அதற்கு இடம் தராது; ஒரே மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க வேண்டுமானால் அவற்றின் தற்சுழற்சிகள் ஈடுசெய்தாக வேண்டும் என்கிறது அவ்விதி. அது இடப்புள்ளியிலேயே உட்கார்ந்துவிடும். மின் விலக்கத்தால் பின்னால் வருவது எதுவும் உள்ளே நுழைய முடியாது. ஒரே ஓர் எலக்ட்ரான் மொத்தப் போக்குவரத்தையும் நிறுத்திவிடுகிறது! மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டாலோ ஓட்டம் தாராளமாக நடக்கும்.

இதற்குச் சாலை மறியலைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. ‘தற்சுழற்சி மறியல்’ என்றோ, பௌலி விதியால் நடப்பதால் ‘பௌலி மறியல்’ என்றோ வைக்கலாம். இலங்கை நண்பர்களுக்கு விளக்கமறியல் (விசாரணைக்காகச் சிறையில் வைப்பது) நினைவுக்கு வரும். அதுவும் பொருந்துகிறது, எலக்ட்ரான் அங்கே சிறைப்பட்டுத்தானே கிடக்கிறது.

காந்தப்புலத்தின் விளைவைச் சொல்லவும் இச்சொல் கைகொடுக்கிறது. காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் அமைந்த புள்ளி ஒன்றில் சுமார் 10 லட்சம் அணுக்கருக்கள் இருக்கும், எல்லாவற்றுக்கும் தற்சுழற்சி உண்டு. அவை உண்டாக்கும் சில மில்லிடெஸ்லா புலம் இரண்டு புள்ளிகளிலும் ஒரே அளவில் இருக்காது. அந்த வேறுபாடு மும்மை நிலையையும் ஒற்றை நிலையையும் கலந்துவிடும், மின்னோட்டம் கசியும். இதை ‘மறியல் தளர்வு’ எனலாம். வெளியிலிருந்து அதைவிட வலுவான புலம் கொடுத்தால் மூன்று மும்மை நிலைகளில் இரண்டு ஆற்றலில் விலகிப்போகும். அந்த இரண்டில் ஒன்றில் மாட்டிய எலக்ட்ரானுக்கு வழியில்லை, மறியல் மறுபடி இறுகும். புள்ளிகளுக்கிடையே இணைப்பு மெலிதாக இருக்கும்போது இது தெளிவாகத் தெரியும். ‘தடை தளர்ந்தது, தடை இறுகியது’ என்று எழுதினால், மின்தடையின் அளவு மாறியது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அப்புறம், மின் விலக்கத்தால் மட்டுமே எலக்ட்ரான் நுழைய முடியாமல் நிற்கும் கூலோம் பிளாக்கேடையும் ‘கூலோம் மறியல்’ ஆக்கிவிட்டால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே விளங்கும். போராட்ட வாடை வீசுகிறது என்று தயங்குபவர்கள் மாற்றுச் சொல் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, அதில் ‘தடை’ வரக்கூடாது.