மாண்டிகோ பே – கிங்ஸ்டன்: டோல் ரோடா, பழைய ரோடா?

சி.வி.ராமன் நகர்வாசி:
டிசம்பர் கடைசியில் குடும்பத்தோட ஜமைக்கா போறோம். மாண்டிகோ பே ஏர்போர்ட்டில் வண்டி எடுத்து, ஓச்சோ ரியோஸில் ஒரு ராத்திரி, மறுநாள் கிங்ஸ்டன். சபினா பார்க் கிரிக்கெட் மைதானத்தை வெளியே நின்னாவது பார்க்கணும்னு அப்பா சொல்லிட்டார். மலை வளைவுன்னா அவருக்குக் குமட்டும். அஞ்சு பேர், நாலு பெட்டி. மேப் பாக் வாக் ஊர் வழியா பழைய ரோட்டைக் காட்டுது. அது சரியா? ப்ளூ மவுண்டன் வழியா போகலாமா?

கியர்பெட்டி:
மேப்பில் ‘டோல் வேண்டாம்’ ஆன் ஆகியிருக்கும், பாருங்க. மைசூர் ரோட்டுக்குன்னு போட்டு வைத்ததை நம்ம ஊரில் யாரும் திரும்ப அணைப்பதில்லை.

மாண்டிகோ பே – ஓச்சோ ரியோஸ் சுமார் 100 கி.மீ., ஃபால்மத் வழியாகக் கடலோரமாகவே போகும். இரண்டு மணி நேரம், யோசிக்க ஒன்றுமில்லை. ஓச்சோ ரியோஸுக்குக் கொஞ்சம் மேற்கே மம்மீ பேயில் டோல் ரோடு ஏறுகிறது. 66 கி.மீ. ஓடி, கிங்ஸ்டனுக்கு வெளியே கேமனாஸில் முடியும். 2016-ல் முழுசாகத் திறந்த ரோடு. 2018-லிருந்து எட்வர்ட் சியாகா ஹைவே என்று பெயர்.

பழைய ரோட்டில் ரியோ கோப்ரே ஆற்றைக் கடக்க ஃபிளாட் பிரிட்ஜ். ஒரு வண்டி அகலம்தான், பக்கச் சுவரும் கிடையாது. மேலே பலமாக மழை பெய்தால் பாலம் மூழ்கும், பாக் வாக் பள்ளத்தாக்கு ரோட்டையே மூடிவிடுவார்கள். உங்களுக்கு டோல்தான்.

பழைய ரோட்டில் பார்க்க வேண்டியது ஃபெர்ன் கல்லி மட்டும். ஓச்சோ ரியோஸிலிருந்து ஐந்து கி.மீ. போல, இரண்டு பக்கமும் பெரணி மூடிய பள்ளம். அதில் ஏறி, மொனீகில் டோல் ரோட்டுக்கு மாறிக்கொள்ளலாம். வளைவு அந்தக் கொஞ்ச தூரம்தான். அப்பாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

டிஸ்க்பிரேக்:
அண்ணன் சொன்னது சரி. ஆனா டோல் ரோடுன்னா சமதளம்னு நினைச்சுடாதீங்க. மொனீக் தாண்டி லின்ஸ்டெட் பக்கம் இறங்குற மவுண்ட் ரோசர் சரிவு நல்ல செங்குத்து. மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி இருக்கு, வளைவே நம்மளை அடக்கி வைக்கும். இங்க ரோடு அகலம், அதனால வேகம் ஏறுறதே தெரியாது.

வாடகை வண்டி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ‘டி’யிலேயே விட்டு பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா பிரேக் பேட் சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். சரிவு ஆரம்பிக்கும் முன்னாடியே கீழ் கியருக்கு, அதாவது ‘எல்’லுக்கோ ‘2’க்கோ மாத்துங்க. வேகம் கூடுறப்போ ஒரு அழுத்து அழுத்திட்டு விட்டுடணும். கருகல் வாசனை வந்தா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்.

இன்னொண்ணு, டோல் கட்டணம் வண்டி உயரத்தை வெச்சுத்தான். 1.7 மீட்டருக்கு மேல போனா அடுத்த வகுப்பு. அஞ்சு பேர், நாலு பெட்டிக்கு இன்னோவா உயரத்துல எடுத்தா கூடத்தான் கட்டணும். ஃபாஸ்டாக் ஞாபகத்துல வெறுங்கையோட போகாம, ஜமைக்கா டாலரா நோட்டு வெச்சுக்கோங்க.

கியர்பெட்டி:
ப்ளூ மவுண்டன் கேட்டிருந்தீர்களே. பஃப் பேயிலிருந்து ஹார்ட்வார் கேப், நியூகாசில் வழியாகக் கிங்ஸ்டனுக்கு இறங்கும் ரோடு குறுகல், மண் சரிவுக்குப் பேர்போனது. பெட்டிகளோடு அந்தப் பக்கம் வேண்டாம். கிங்ஸ்டனில் தங்கியபின் காலையில் நியூகாசில் வரை ஏறி, அதே வழியில் திரும்புங்கள்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, கை பழகத் தேவையில்லை. சிவப்பு நம்பர் பிளேட் போட்ட ரூட் டாக்ஸி (நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி) ஆளைக் கண்டால் நடு ரோட்டிலேயே நிற்கும், இடைவெளி விடுங்கள். டிசம்பரில் ஐந்தரை மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும்.

சி.வி.ராமன் நகர்வாசி:
மொனீகில் ஏறிக்கிறோம். லைசென்ஸுக்கு என்ன செய்யணும்?

டிஸ்க்பிரேக்:
பரிவாகன் தளத்துல இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்கு 4ஏ படிவம், கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸையும் கூடவே வெச்சிருக்கணும். ஃப்ளைட் மயாமி வழியான்னா, மாறி ஏற மட்டும்னாலும் அஞ்சு பேருக்கும் அமெரிக்க விசா வேணும். டிக்கெட் போடும் முன்னாடி அதைப் பாருங்க. மாண்டிகோ பேயில் எடுத்து கிங்ஸ்டன்ல விட்டா தனிக் கட்டணம் உண்டான்னும், டயருக்கும் அடிப்பாகத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கான்னும் இப்பவே மெயில்ல எழுதி வாங்கிடுங்க.