கொரிய உணவுப் பெயரை ஆங்கில மெனுவில் எழுதும்போது எங்கே சறுக்குகிறது? கண்ட தவறுகளைப் பகிருங்கள்

அடிக்கடி கண்ணில் படுவது 'சிக்ஸ் டைம்ஸ்'. அசல் பெயர் யுக்ஹ்வே. பச்சை மாட்டிறைச்சியை மெல்லிய கீற்றாக நறுக்கி, நல்லெண்ணெய், சோயா சாஸ், பூண்டு போட்டுப் பிசறி, மேலே முட்டையின் மஞ்சள் கருவை வைத்துத் தருவார்கள். 'யுக்' என்றால் இறைச்சி. ஆறு என்ற எண்ணுக்கும் அதே ஒலி. 'ஹ்வே' என்றால் பச்சையாக நறுக்கியது. 'தடவை'க்கும் அதே சொல். இவை சீனத்திலிருந்து வந்த சொற்கள்; சீன எழுத்தில் எழுதினால் வேறுபாடு தெரியும், கொரிய எழுத்தான ஹங்குலில் தெரியாது. மென்பொருள் ஆறு தடவை என்று பெயர்த்துவிடுகிறது. தோங்தே ஜிகேவும் இப்படித்தான். உறைந்த பொல்லாக் மீன் குழம்பு அது, மெனுவில் 'டைனமிக் ஸ்டூ' ஆகிவிடும். பெயரை உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் சீன எழுத்து மூலத்தை அகராதியில் பார்ப்பதுதான் வழி.

*

மூலம் பார்த்தாலும் கோம்தாங்கில் மாட்டிக்கொள்வீர்கள். 'கோம்' தனிக் கொரியச் சொல், அதற்குச் சீன எழுத்தே கிடையாது. கரடிக்கும் 'கோம்' என்றே பெயர், அதனால் 'கரடி சூப்' வந்தது. இங்கே அது 'கோதா' என்ற வினையிலிருந்து வருகிறது: மாட்டின் எலும்பும் கறியும் மணிக்கணக்காகக் கொதித்துச் சாறு இறங்குவது. பெயர்ச்சொல் பொருந்தவில்லை என்றால் வினைச்சொல்லைத் தேடுங்கள்.

பெயரில் இருப்பது தட்டில் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். கால்பி என்றால் விலா. சுன்ச்சொன் ஊரின் தாக்கால்பியிலோ விலாவே இல்லை; எலும்பு நீக்கிய கோழிக்கறி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காரமான மிளகாய் விழுது. தொக்கால்பி பெயரில் 'தொக்' என்ற அரிசிப் பண்டம் இருக்கிறது, உள்ளே இருப்பது கொத்திய விலாக்கறி. புங்கோப்பாங்கைக் 'கெண்டை ரொட்டி' என்று எழுதினால் மீன் சாப்பிடாதவர் தொடமாட்டார். மீன் வடிவ அச்சில் வார்த்த, சிவப்புப் பயறு இனிப்புப் பூரணம் வைத்த பலகாரம் அது.

*

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதைப் போலவே கொரியனிலும் ப்யோ, ஸ்ஸால், பாப். ஆங்கிலத்தில் மூன்றுமே 'ரைஸ்'. பிபிம்பாப்பை 'மிக்ஸ்ட் ரைஸ்' என்று போட்டால் ஃப்ரைடு ரைஸ் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துவிடுகிறார்கள். காய், கறி, முட்டை எல்லாம் சோற்றின் மேல் தனித்தனியாக அடுக்கி வரும், கலப்பது சாப்பிடுபவர் வேலை. விளக்க வரியில் அதைச் சொல்ல வேண்டும்.

*

எழுத்துக்கூட்டலை யாரும் சொல்லவில்லையே! 2000-இல் வந்த அரசு ரோமன் முறைப்படி சுந்தேவை எழுதினால் ஐஸ்கிரீம் 'சண்டே'யின் அதே ஆறு எழுத்துகள். சுந்தே என்பது பன்றிக் குடலுக்குள் ரத்தமும் கண்ணாடி நூடுல்ஸும் அடைத்து அவித்தது. பெயருக்குக் கீழே விளக்கம் இல்லாமல் இதை அச்சிடவே கூடாது. சிக்ஹே, சிக்கே இரண்டுக்கும் ரோமனில் 'ஒய்', 'ஏ' என்ற ஓர் எழுத்துதான் வித்தியாசம்: முதலாவது முளைகட்டிய பார்லியில் செய்யும் இனிப்புச் சோற்றுப் பானம், இரண்டாவது தானியம் சேர்த்துப் புளிக்கவைத்த மீன்.

கொரிய மொழி நிறுவனம் 2014-இல் 200 உணவுப் பெயர்களுக்கு ரோமன் வடிவமும் ஆங்கில, சீன, ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வெளியிட்டது. அதில் இருக்கும் பெயருக்குப் புதிதாக எழுத்துக்கூட்டல் கண்டுபிடிக்காதீர்கள். கிம்பாப், புல்கோகி, ஜாப்சே எல்லாம் 2021-இலேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டன. அவற்றை அப்படியே விடலாம்.

விளக்க வரியில் முதலில் முக்கியப் பொருள், பிறகு சமைக்கும் முறை, கடைசியில் காரம். ஏழெட்டுச் சொல் போதும். ஆனால் மறைந்திருப்பதை விடாதீர்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். 'முட்டைக்கோஸ் ஊறுகாய்' என்று மட்டும் எழுதினால் சைவர் நம்பிச் சாப்பிட்டுவிடுவார்.