கீழ்த்தளத்தில் பழைய பெயிண்ட் தரை: மறுபடி அடிக்கும் முன் நாங்கள் பட்டது

கிருஷ்ணகிரிக்காரர்:
எங்கள் கட்டடம் சரிவில் இருக்கிறது, ரோட்டிலிருந்து பார்த்தால் கீழே ஒரு தளம் இருப்பதே தெரியாது. மாங்காய் சீசனில் கிரேட் அடுக்கும் இடம். இழுத்து இழுத்து சிவப்பு பெயிண்ட் பாதி போய், மீதி பொரிந்து கிடந்தது. எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் கெட்டியான தரைப் பூச்சு) அடிக்கலாம் என்று பெயிண்டரைக் கூப்பிட்டால், வந்ததும் சொன்னது "ஆசிட் ஊத்திக் கழுவிட்டா போதும் சார்". ஆசிட் சிமெண்ட்டைத்தான் அரிக்கும், பெயிண்ட்டைக் கழற்றாது. பெயிண்ட் மூடிய இடத்தில் அதற்கு என்ன வேலை? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஓதம் பார்த்தோம். அங்கங்கே பெயிண்ட்டைச் சுரண்டி, ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் ஷீட் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நடுவில் வைத்தது காய்ந்தே இருந்தது. மண்ணை ஒட்டிய சுவரோரம் வைத்ததைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், தரையும் கறுத்திருந்தது. மொட்டைமாடித் தண்ணீர் குழாய் அந்தச் சுவருக்கு வெளியேதான் கொட்டுகிறது, பெயிண்ட் ஏன் அங்கே மட்டும் அதிகம் பொரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. குழாயைத் திருப்பிவிட்டு, நன்றாகக் காயவிட்டு, திரும்ப ஷீட் ஒட்டிப் பார்த்த பிறகே மேல் வேலை.

அப்புறம் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தோம். சில இடத்தில் அசையவில்லை, சில இடத்தில் ஏடு ஏடாக வந்தது. பழைய பெயிண்ட் எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் புது எபாக்ஸியும் நிற்கும், அதனால் முழுத் தரையையும் தேய்க்க முடிவு செய்தோம். நம்ம ஊரில் கிரானைட் பட்டறைக்காரர்கள் இருக்க இதற்கா பஞ்சம்? அவர்களில் ஒருவர் வந்து, மெஷினில் டயமண்ட் கப் வீல் (தரையைத் தேய்க்கும் வைரத்தூள் சக்கரம்) போட்டு ஓட்டினார். சிவப்பாக வந்த புழுதி வெளுத்தால் பெயிண்ட் போய் கான்கிரீட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரிய கேடு. கர்ச்சீப் கட்டினால் போதாது, குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும், மெஷினோடு வேக்குவம் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் நாலைந்து இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் சரி, உருண்டு நின்றால் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது.

தருமபுரிக்காரர்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. எங்கள் கீழ்த்தளத்தில் வண்டி நிற்கும், ஆயில் சொட்டு அதிகம். ஆயிலை எடுக்காமல் தேய்த்தால் அது தரை முழுக்கப் பரவும். மண்ணெண்ணெய் ஊற்றினால் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், அது ஆயிலை இன்னும் ஆழமாகத்தான் இறக்கும். டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் மருந்து) போட்டு, கட்டைப் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மெஷின் வைத்தோம். விரிசலைப் பிரித்துச் சுத்தம் செய்து எபாக்ஸி ஃபில்லர் அடைத்தது அதற்கப்புறம்.

ஓசூர்க்காரர்:
எங்களுடையது பெயிண்ட் இல்லாத தரை, ஆசிட் நேராக சிமெண்ட்டில் படும், அதனால் எங்களுக்கு ஆசிட்தான். தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கீழ்த்தளத்தில் புகை சட்டென்று வெளியேறாது, ஃபேன் வைத்து வெளியே தள்ள வேண்டும். முடிந்ததும் ஆப்ப சோடாத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் இரும்பு ஷட்டர், சைக்கிள் இருந்தால் முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள், அந்தப் புகைக்கே துரு ஏறிவிடும்.