டிவிடியில் படம் ஏற்றுவதற்குத் தமிழில் என்ன சொல்?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு கையேடு அச்சுக்குப் போகிறது, அவசரமாக இரண்டு சொல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கணினி வகுப்பு நடத்துகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் இப்போது கைப்பேசியில்தான் எடுக்கிறார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பாட்டிகளிடம் இருப்பதோ பழைய டிவிடி பிளேயர். எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் போட்டுக் கொடுத்தால் அது படிக்காது.

வேலை மூன்று. கோப்பை எம்பெக்-2 ஆக, அதாவது டிவிடி பிளேயர் படிக்கும் வீடியோ வடிவமாக மாற்ற வேண்டும். நம் மலேசிய டிவி முறைக்கு 720×576 படப்புள்ளி, நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). பிறகு அதை விஓபி (படமும் ஒலியும் உள்ளது), ஐஎஃப்ஓ (எது எங்கே என்று பிளேயருக்குச் சொல்வது) கோப்புகளாக அடுக்கி, மெனு, அத்தியாயம் எல்லாம் வைக்க வேண்டும். கடைசியில் லேசரால் வட்டில் ஏற்ற வேண்டும். முதல் வேலைக்குக் 'குறிமாற்றம்' என்று போட்டுவிட்டேன். மற்ற இரண்டையும் பிள்ளைகள் 'பர்ன் பண்றது' என்று ஒன்றாகச் சொல்கிறார்கள். அதனால் நடு வேலையை மறந்துவிடுகிறார்கள், வட்டு பாழாகிறது. பெயர் இல்லாத வேலை அவர்கள் கண்ணில் படவே இல்லை.

ஈப்போவிலிருந்து:

அக்கா, எங்கள் வீடியோ கடையில் 'எரித்தல்' என்றால் எல்லாருக்கும் புரியும். மலாய் மொழியிலும் 'பக்கார்' என்றுதானே சொல்கிறோம்? 'சுடுதல்' மட்டும் வேண்டாம். சுட்ட டிவிடி என்றால் திருட்டு டிவிடி என்று ஆகிவிடும்.

தைப்பிங்கிலிருந்து:

தம்பி, எரித்தால் மிஞ்சுவது சாம்பல். இங்கே ஒன்று பதிந்து நிற்கிறது. 'பொறித்தல்' என்று சொல்லுங்கள். சேரன் இமயத்தில் வில் பொறித்தான் என்கிறோம். பொறி என்றால் சின்னம், தீப்பொறி, எந்திரம் மூன்றும்தான். ஒருமுறை மட்டும் பதியக்கூடிய டிவிடி-ஆர் வட்டில் லேசர் சாயப்படலத்தைச் சூடாக்கி அடையாளம் வைக்கிறது. நெருப்பும் அடையாளமும் எந்திரமும் ஒரே சொல்லில் கூடி நிற்கின்றன. ஐம்பொறிகளில் கண்ணும் காதும் உண்டு. வட்டில் நாம் வைப்பதும் காட்சியும் ஒலியும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் சிடியை இறுவட்டு என்போம். இறுக்கமான வட்டு. நடு வேலைக்கு 'வட்டாக்கம்' பொருந்தாதா?

ஈப்போவிலிருந்து:

வட்டாக்கம் என்றால் தொழிற்சாலையில் வட்டு செய்வதாக நினைப்பார்கள். 'அடுக்குதல்' போதுமே.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஐயா, பொறித்தல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பாதிப் பிள்ளைகள் மீன் பொரிக்கிற 'ரி' போட்டு எழுதுவார்கள், அதை நினைத்தால்தான் தயக்கம். நேற்று அப்பாவிடம் கேட்டேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வட்டில் உள்ளிருந்து வெளியே ஒரே சுருள் தடம்தான் ஓடுகிறது என்று விளக்கினேன். "மரத்தைச் சுத்திச் சரிவா கோடு போடுவோமே, அது மாதிரியா?" என்றார். 'கோடிடுதல்' சரிவருமா?

தைப்பிங்கிலிருந்து:

அம்மா, உங்கள் அப்பா பெரிய சொல்லைத் தொட்டிருக்கிறார்! கோடுதல் என்றாலே வளைதல். 'கோடாமை சான்றோர்க் கணி' என்று வள்ளுவர் சொல்லும் கோடாமை, ஒரு பக்கம் சாயாமை. கோடு என்றால் யானைத் தந்தம், மரக்கிளை, வளைந்தவை எல்லாம். டிவிடியில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அவ்வளவு நெருக்கமாக வளைந்து ஓடும் கோடு. ஆனாலும் 'கோடிடுதல்' என்றால் பிள்ளைகள் அடிக்கோல்தான் எடுப்பார்கள். எழுத்துப்பிழைக்குப் பயந்து நல்ல சொல்லை விடலாமா? ற, ர வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள இதுவும் ஒரு வாய்ப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நானும் பொறித்தலுக்கே. வட்டாக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

நாளை அச்சு. குறிமாற்றம், வட்டாக்கம், பொறித்தல் என்று மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் வைக்கிறேன். வட்டாக்கப் பக்கத்தில் 'கோப்புகளை அடுக்கி மெனு வைத்தல்' என்று விளக்கமும் உண்டு. அப்பாவின் கோடு சுருள் தடத்தின் படத்துக்குக் கீழே வருகிறது. ஈப்போ தம்பி, கோபம் இல்லையே?

ஈப்போவிலிருந்து:

கோபம் இல்லை அக்கா. வேலையை மூன்றாகப் பிரித்தது ரொம்பச் சரி, அது கடைக்கும் உதவும். ஆனால் கடைக்கு வருகிற பிள்ளையிடம் நான் 'எரித்தாச்சா' என்றுதான் கேட்பேன். அடுத்த பதிப்பிலாவது அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.