ஜிம்னாஸ்டிக்ஸில் மகளுக்கு லெவல் 4 டீமில் இடம் இல்லை, எக்செல் கோல்டில் போட்டுவிட்டார்கள். கோச்சிடம் கேட்கலாமா?

ஃப்ரிஸ்கோ_அம்மா:

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. போன சீசனில் லெவல் 3, ஸ்டேட் மீட்டில் (மாநிலப் போட்டி) ஆல்-அரவுண்ட், அதாவது நான்கு பிரிவும் சேர்த்து, 40-க்கு 36-க்கு மேல் வாங்கினாள், ஃப்ளோரில் மெடலும் வந்தது. போன வாரம் அடுத்த வருட டீம் பட்டியல் மெயிலில் வந்தது. அவள் குரூப்பில் பாதிப் பேர் லெவல் 4, இவள் எக்செல் கோல்டு, அதாவது லெவல் வரிசைக்கு வெளியே இருக்கும் தனிப் பிரிவு. காரணம் ஒரு வரி கிடையாது, கோச் முடிவே இறுதி என்று மட்டும் கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்க முடியாதது என்னவென்றால், மீட்டுக்கு மீட்டு இவளைவிடக் குறைவாக வாங்கிய குழந்தை லெவல் 4-க்குப் போகிறாள், அவளுடைய அம்மாவும் நானும்தான் முறைவைத்துப் பிள்ளைகளை ஜிம்முக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்துமேல் வாழ்த்து. நானும் ஒரு பூங்கொத்தைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மகள் அழவில்லை. எக்செல்லில் தனக்கென்று தனி மியூசிக் தருவார்களா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி அறை வாசலில் மாட்டியிருக்கும் கம்பியில் தொங்கிக்கொண்டே இருந்தாள், உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது, இறங்கச் சொன்னால் இறங்கவில்லை.

கோச்சிடம் கேட்டால் பிள்ளைமேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேறு ஜிம் பார்க்கட்டுமா? வீட்டுக்காரர் "விடு, பரதநாட்டியத்தில் சேர்த்துவிடலாம்" என்கிறார். அவருடன் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

அணில்_அப்பா:

முதலில் ஒன்று கேட்கிறேன், மகளுக்கு கிப் வருகிறதா? கேள்வியில் நீங்கள் மார்க்கைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், கிப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லெவல் 3 பாரில் கிப் கட்டாயம் இல்லை, லெவல் 4-இல் கட்டாயம். கிப் என்றால், கம்பியைப் பிடித்து முன்னால் வீசிப் போய், காலைக் கம்பிவரை கொண்டுவந்து, ஒரே இழுப்பில் மேலே எழும்ப வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும், என் மூத்தவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வால்ட்டும் மாறுகிறது. லெவல் 3-இல் மெத்தை அடுக்கின்மேல் கைகுத்தி முதுகில் விழுந்தால் போதும், லெவல் 4-இல் நிஜமான வால்ட் டேபிளைத் தாண்டிக் காலில் இறங்க வேண்டும். ஃப்ளோரில் ரவுண்ட்-ஆஃபுக்குப் பின் ஒரு பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னால் பாய்ந்து கைகுத்திப் புரள்வது) இருந்த இடத்தில் இரண்டு.

36 என்பது இவள் போன வருட ரொட்டீனை எவ்வளவு சுத்தமாகச் செய்தாள் என்பதற்கு, அதாவது முட்டி மடங்கவில்லை, பாதம் நீட்டியிருந்தது என்பதற்குக் கிடைத்த மார்க். அடுத்த வருட ஸ்கில் கையில் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. 35 வாங்கின பிள்ளைக்குக் கால் கொஞ்சம் கோணலாக இருந்திருக்கும், ஆனால் கிப் இருந்திருக்கும். கோச் பார்ப்பது அதைத்தான்.

தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஜிம் வாசலில் நின்று கேட்காதீர்கள், மெயில் போட்டு நேரம் வாங்குங்கள். எந்த ஸ்கில் குறைகிறது, அடுத்து எப்போது பார்ப்பீர்கள், சீசன் நடுவில் மாற்றுவதுண்டா என்று மட்டும் கேளுங்கள். அந்த இன்னொரு குழந்தையின் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடமே கோச் காதை மூடிக்கொள்வார், அவர் நிலையில் நானும் மூடிக்கொள்வேன்.

காவேரிக்கரை:

அணில் சொல்வது சரிதான், ஆனால் ஜிம்மை இவ்வளவு வெள்ளையாகப் பார்க்க வேண்டியதில்லை. சில இடங்களில் லெவல் 4 குரூப்பில் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள், ஒரு கோச் வேலையை விட்டால் ஒரு குரூப்பே காணாமல் போகும். அப்படி இருந்தால் பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. அதையும் நேராகக் கேளுங்கள், "ஸ்கில்லா, இடமா?" என்று.

எக்செல் என்றதும் ஏன் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. லெவல் 1 முதல் 5 வரை நாடு முழுக்க ஒரே ரொட்டீன், ஒரே மியூசிக், ஒரு மீட்டில் உட்கார்ந்தால் அதே பாட்டை அறுபது தடவை கேட்க வேண்டும். எக்செல்லில் கீழ்ப்படியான ப்ரான்ஸ் (வெண்கலம்) முதல் மேல்படியான சஃபயர் வரை எங்குமே அந்தப் பிள்ளைக்கு என்ன வருமோ அதை வைத்து ரொட்டீன் கட்டுவார்கள், மியூசிக்கும் தனி. உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆமாம். பயிற்சி நேரமும் பெரும்பாலும் குறைவு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளிக்காவது ஒழுங்காகப் போகலாம்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவு இருந்தால் அது வேறு கதை. பெரிய கல்லூரி டீமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லெவல் 10 வரை வந்தவர்கள். அந்தக் கனவு ஒன்பது வயதுப் பிள்ளையுடையதா, நம்முடையதா என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் (வீட்டுக்காரருடன் பேச்சு வந்த பிறகு).

ஜிம் மாற்றுவது பற்றி: டாலஸ் பக்கம் ஜிம்முக்குப் பஞ்சமா? 2004-இல் ஒலிம்பிக் ஆல்-அரவுண்ட் தங்கம் வாங்கிய கார்லி பாட்டர்சனும் 2008-இல் வாங்கிய நாஸ்தியா லியூகினும் பிளேனோவில் பயிற்சி எடுத்தவர்கள்தான். ஆனால் ஒரு பட்டியலைப் பார்த்து ஓடினால் புது ஜிம்மிலும் அதே கிப்பைத்தான் கேட்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதிலே தராவிட்டால், இல்லை பெற்றோர் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினால், அன்றைக்கே கிளம்புங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்த டீம் டாக்டர் நாசர் விவகாரத்துக்குப் பிறகு அதில் பேச்சுக்கே இடமில்லை.

பீம்மேல்_பூனை:

நான் பிசியோதெரபிஸ்ட், என் பையனும் ஜிம்னாஸ்ட். அந்தக் கதவுக் கம்பி விஷயம் மட்டும் சொல்கிறேன். உரிந்த கையோடு தொங்க விடாதீர்கள். வீட்டில் கிப் பழக்கவும் வேண்டாம், அந்தக் கம்பி வீசி ஆடுவதற்கு மாட்டியதல்ல, கழன்று வந்தால் பிள்ளை முதுகில் விழுவாள். வேண்டுமானால் மெதுவாகக் காலைத் தூக்குவது, தரையில் மல்லாந்து படுத்து, தோளையும் காலையும் தூக்கி உடம்பை வில்போல் பிடித்திருப்பது, இதெல்லாம் கோச்சிடம் கேட்டுச் செய்யலாம்.

இந்த வயதில் கடகடவென்று வளர்வார்கள். நேற்று வந்த ஸ்கில் இன்று வராது, காரணம் கால் நீண்டிருக்கும். குதிகால், மணிக்கட்டு வலி என்றால் அலட்சியம் வேண்டாம், அங்கே வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. மணிநேரம் குறைவான ஒரு வருடம் அந்த வகையில் கெட்டதே இல்லை.

அப்புறம், ராஜ் பவ்சாரை உங்கள் மகளுக்கு யூட்யூபில் காட்டுங்கள். ஹூஸ்டன்காரர், நம்மூர் முகம். 2004 ஒலிம்பிக்குக்கு டீமில் எடுக்காமல் மாற்று வீரராக வைத்தார்கள். 2008-இலும் முதலில் மாற்று வீரர்தான், பால் ஹாம் காயத்தால் விலகியதும் உள்ளே வந்தார், டீமோடு வெண்கலம் வாங்கினார். பட்டியலில் பெயர் இல்லாத நாளில் அவர் வீட்டிலும் யாரோ போனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

ஃப்ரிஸ்கோ_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மெயில் போட்டேன், கோச் கூப்பிட்டுப் பேசினார். கிப் பத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறதாம், வால்ட்டில் ஓடிவந்து பலகைக்கு முன்னால் தயங்குகிறாளாம். இடக் கணக்கும் உண்டு என்று அவரே சொன்னார், காவேரிக்கரை சொன்னது சரி. டிசம்பரில் மறுபடி பார்ப்பார்களாம், வாக்குறுதி எதுவும் தரவில்லை. மெயிலிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

மகள் மியூசிக் தேட ஆரம்பித்துவிட்டாள், இதுவரை பிடித்தது எல்லாமே குத்துப்பாட்டு. ஜட்ஜுகள் பாவம். பாட்டில் வார்த்தை வரக் கூடாதாம், கருவியிசை மட்டும் உள்ளது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எக்செல் பயிற்சி செவ்வாயும் வியாழனும் மாலையில், பழைய கார் ஏற்பாடு இனி ஒத்துவராது. மெக்கின்னி பக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு யாராவது வருகிறீர்களா?