ஃபிரேம் முதலா, ஃபோர்க் முதலா? சைக்கிள் கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய எஃகு ஃபிரேம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரெனால்ட்ஸ் 531 குழாய். ஸ்டிக்கர் பாதி உரிந்துவிட்டது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் இல்லை. "ஃபோர்க்தானே, எங்கேயாவது கிடைக்கும்" என்று கொடுத்தவர் சொன்னார். அந்த 'எங்கேயாவது' எனக்கு உறுத்தியது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் பழைய சைக்கிள்களில் கை தேய்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன்.

குழாயின் பெயரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1935 முதல் புகழ்பெற்ற குழாய் என்று நான் சொன்னதற்கு, "எஃகு எல்லாம் ஒரே விறைப்புதான். உசத்தியான எஃகில் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். பிறகு வெர்னியரை எடுத்தார். ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் நீளம், அதன் இரு முனையிலும் உட்காரும் ஹெட்செட் பேரிங்கின் கப்புகள் எடுத்துக்கொள்ளும் உயரம் இரண்டையும் கூட்டினால்தான் ஸ்டியரர் குழாய், அதாவது ஃபோர்க்கின் மேல்தண்டு, எவ்வளவு நீளம் வேண்டும் என்பது தெரியும். மரை போட்ட ஸ்டியரரில் இதற்கு விளையாட்டே கிடையாது. மரை குறைவாக இருந்தால் மேல் நட்டு பிடிக்காது. அதிகமாக இருந்தால் வாஷர்களை அடுக்க வேண்டும்.

அடுத்தது ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் கிரவுனில் ஹெட்செட் வளையம் உட்காரும் இடம். 1 அங்குல ஃபோர்க்குகளில் இது 26.4 மி.மீ. ஆகவும் வரும், 27.0 ஆகவும் வரும். பெரியதைக் கடைந்து சிறியதாக்கலாம். சிறியது கிடைத்தால் வளையம் ஆடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாக அவர் செய்தது. பின் சக்கரத்தை மாட்டி, மேல் குழாய் தரைக்குக் கிடையாக வரும்வரை ஃபிரேமின் முன்பகுதிக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தார். அக்காலத்து ஃபிரேம்களில் மேல் குழாய் பெரும்பாலும் கிடையாகத்தான் இருக்கும். அந்த நிலையில், முன் சக்கரத்தின் அச்சு வரவேண்டிய உயரத்திலிருந்து கீழ் கப் வரை அளந்தால், தொலைந்துபோன ஃபோர்க்கின் நீளம் ஏறத்தாழக் கிடைத்துவிடுகிறது. தன் ஃபோர்க் எவ்வளவு உயரம் என்பதை ஃபிரேமே சொல்லிவிடுகிறது.

இனி நான் தேட வேண்டியது என்ன என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: நீங்கள் எதை முதலில் முடிவு செய்தீர்கள்?

*

நான் இரண்டையும் முதலில் முடிவு செய்யவில்லை. என் கால்விரலைத்தான் முடிவு செய்தேன்.

குள்ளமானவள் நான். சின்ன அளவு ஃபிரேம் எதில் ஏறினாலும், மெதுவாகத் திரும்பும்போது முன் சக்கரம் ஷூவின் நுனியில் இடிக்கும். வேகத்தில் தொல்லை இல்லை, ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் கொண்டை ஊசி ஏற்றத்திலும்தான் பயம். ஆகவே உடலுக்கேற்றபடி ஃபிரேம் கட்டித் தருபவரிடம் போனேன். டைட்டேனியம் வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் உலோகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளில் பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் மேல்முனைக்குச் செங்குத்து உயரம் எவ்வளவு, கிடையாக எவ்வளவு என்று அளந்துகொண்டார். ஸ்டாக், ரீச் என்று சொல்கிறார்களே, அவைதாம். பிறகு டயரின் அகலத்தைக் கேட்டார். மழையில் ஓட்டுவேனா, மட்கார்டு வேண்டுமா என்றார். முன்பக்கம் பை தொங்குமா என்றார்.

நான் சற்றுச் சிறிய 650பி அளவுச் சக்கரம் போட்டால் இடிக்காதே என்றேன். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வழக்கமான 700சி சக்கரத்தின் ரிம் விட்டம் 622 மி.மீ.; 28 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 678. 650பி ரிம் 584. அதில் நான் ஆசைப்பட்ட 47 மி.மீ. டயரைப் போட்டால் அதுவும் 678. ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமாகாது! அதே 650பியில் 38 மி.மீ. டயர் என்றால் 660. ஆரத்தில் 9 மி.மீ. குறைகிறது. மீதியை ஹெட் கோணத்தைக் கொஞ்சம் சாய்த்தும், ஃபோர்க்கின் முன்வளைவைக் கூட்டியும் எடுத்தார். கோணத்தை மட்டும் சாய்த்திருந்தால் ஹேண்டில் சோம்பலாகியிருக்கும். வளைவு கூடியதால் அது சரிக்கட்டப்பட்டது. ஃபோர்க்கை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

டைட்டேனியம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? எஃகில்தான் கட்டினோம். டைட்டேனியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான். அதை ஈடுகட்டக் குழாயை அகலமாக்க வேண்டும் என்றும், என் எடைக்கு மெல்லிய எஃகே போதும் என்றும் அவர் சொன்னார். முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். துருப்பிடிக்காத ஃபிரேம் மீது இன்றும் ஆசை இருக்கிறது. ஆனால் ஷூ இடிப்பதில்லை.

*

மேலே சகோதரி எழுதிய முன்வளைவு விஷயத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், ஏனென்றால் நான் ஃபிரேமைத் தொடாமல் ஃபோர்க்கை மட்டும் மாற்றியவன்.

ஹேண்டில்பார் பையில் சுமையோடு நீண்ட தூரம் போவது என் வழக்கம். மெதுவாக ஏறும்போது முன்பக்கம் இங்குமங்கும் சாயும். கை ஓயாமல் பிடித்து நேராக்க வேண்டும். என் ஃபிரேமின் ஹெட் கோணம் 72 டிகிரி, ஃபோர்க் வளைவு 45 மி.மீ., சக்கரத்தின் ஆரம் 340. கணக்குப் போட்டால் டிரெயில் 63 மி.மீ. வருகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். 65 மி.மீ. வளைவுள்ள எஃகு ஃபோர்க் ஒன்றைக் கட்டச் செய்தேன், அச்சிலிருந்து கிரவுன் வரையிலான உயரம் பழைய ஃபோர்க்குக்குச் சமமாக. டிரெயில் 42க்கு இறங்கியது.

சுமையோடு ஏறும்போது சைக்கிள் அமைதியாகிவிட்டது. பையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஹேண்டில் சற்றுத் துறுதுறுவென்று இருக்கிறது. கையை விட்டு ஓட்டும் ஆசையை விட்டுவிட்டேன். சுமை பின்பக்கம் வைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரம் சமமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி சாய்ந்துவிடும், பெடல் அச்சும் கொஞ்சம் மேலேறும். சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்குக்காகக் கட்டிய ஃபிரேமில் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மாட்டிவிட்டு "வண்டி மாட்டுவண்டி போலத் திரும்புகிறது" என்று குறைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திரும்பாததுகூடப் பரவாயில்லை. நீண்ட ஃபோர்க் ஹெட் டியூபின் வெல்டிங்கை நெம்புகோல் போல நெம்புகிறது.

*

எல்லோரும் எஃகுப் பக்தர்களாக இருக்கிறீர்கள். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், கடையில் நிற்கும் முழு சைக்கிள். ஒரே நாளில் வேலை முடிந்தது. பொறியாளர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கை நான் ஏன் மறுபடியும் போட வேண்டும்? உடல் அளவு நடுத்தரமாக அமைந்தவர்களுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. "அலுமினியம் முதுகை உடைக்கும்" என்று பயமுறுத்தினார்கள். டயரை 25லிருந்து 32க்கு மாற்றிக் காற்றைக் குறைத்தேன். உடைக்கவில்லை.

*

இந்த நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டயர் செய்யும் சொகுசை எந்த உலோகமும் செய்யாது. மறு பாதி, பத்தாண்டு கழித்து உதிரி பாகம் தேடும்போது தெரியும். நான் ஃபிரேம் கட்டச் சொன்னபோது விடாப்பிடியாகக் கேட்டது பெடல் அச்சு உட்கார மரை போட்ட 68 மி.மீ. கூடு. அழுத்திச் செருகும் வகை வேண்டாம் என்றேன். பின் ஹப்புக்கு 142 மி.மீ. அகலத்தில், ஹப்பின் ஊடாகச் செருகும் அச்சு, டிஸ்க் பிரேக்.

முதலில் எழுதிய நண்பருக்கு: உங்கள் ஃபிரேமில் பின் ஹப் உட்காரும் இடைவெளியையும் அளந்தீர்களா? அந்தக் காலத்து ஃபிரேம் என்றால் 120 அல்லது 126 மி.மீ. இருக்கலாம். எஃகு என்பதால் 130க்கு விரித்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். விரித்த பிறகு பின் கியர் மாற்றி தொங்கும் ஹேங்கரையும் நேராக்கச் சொல்லுங்கள். சக்கரம் பழைய 27 அங்குலமா என்றும் பாருங்கள். அதன் ரிம் 630. அந்த ஃபிரேமில் 700சி சக்கரம் போட்டால் பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். எட்டும் பிரேக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபோர்க் வாங்குங்கள், ஏனென்றால் முன் பிரேக் தொங்குவது அதில்தான்.