பாப்பாவுக்கு ரெண்டு பக்கம் (இடையன்குடி வீட்டுக் குழு)

நான், காலை 6:40
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிரதிஷ்டை பண்டிகைக்கு யாரெல்லாம் ஊருக்கு வாறிய? இன்னொண்ணு, அன்னைக்கு ஓய்வுநாள் பள்ளி பிள்ளைங்க நிகழ்ச்சியில பாப்பா நம்ம கோயில் வரலாறு வாசிக்கணுமாம். ரெண்டே பக்கம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள எழுதிக் குடுக்கணும். அப்பா இருந்தா உக்காந்து எழுதியிருப்பாவ. தெரிஞ்சதைச் சொல்லுங்க.

அத்தை, 6:43
நான் வாரேன்

அத்தை, 6:43
வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு

தம்பி, 6:51
லீவு கேட்டிருக்கேன் க்கா. சனிக்கிழமை சொல்லுதேன்

பெரியப்பா, 7:15
மக்களே, எழுதிக்கோ. கட்டடத்துல இருந்து ஆரம்பிக்காத. சபை மொதல்ல, கோயில் பொறவு. 1785ல பாளையங்கோட்டையில, பிராமண வீட்டுல இருந்து வந்த குளோரிந்தா அம்மா கட்டின கோயிலை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை பண்ணினாவ. அதைத்தான் இன்னைக்கும் பாப்பாத்தி அம்மா கோயில்ங்கோம். 1799ல உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் காலத்துல முதலூர் உண்டாச்சு. கிறிஸ்தவங்கன்னு துரத்தப்பட்ட சனம் ஒண்ணா குடியேறின முதல் ஊர், அதனாலதான் அந்தப் பேர். மிஷனரி கால்டுவெல் ஐயர் வாறதுக்கு முன்னாலயே நம்ம இடையன்குடியிலும் சபை உண்டு. இதை முதல் வரியிலயே போடு. ஏதோ அவிய வந்த பொறவுதான் நமக்கு விசுவாசம் வந்ததுன்னு பாப்பா வாசிச்சிரக் கூடாது.

சித்தப்பா, 7:20
முதலூர் வழியாத்தானே வாறிய? ரெண்டு கிலோ மஸ்கோத்து அல்வா

தம்பி, 7:21
எனக்கு ஒண்ணு

அத்தை, 7:22
தேங்காய்ப்பால் பிரியாம கெட்டியா இருக்கான்னு பாத்து வாங்கணும். போன தடவை வாங்கினது பேப்பர்ல எண்ணெயா ஊறிட்டு

பெரியப்பா, 7:34
அல்வா இருக்கட்டும். கால்டுவெல் ஐயர் அயர்லாந்துல பிறந்தவிய, 1814. மெட்ராஸ்ல இறங்குனது 1838ல, லண்டன் மிஷன்ல இருந்து வந்தாவ. 1841ல எஸ்.பி.ஜி.ங்கிற ஆங்கிலிக்கன் மிஷன்ல சேர்ந்து குருவானாவ. அந்த வருஷமே மெட்ராஸ்ல இருந்து நீலகிரி சுத்தி நடந்தே இங்க வந்து சேர்ந்தாவ. சனத்தோட சேர்ந்து நடந்தாத்தான் பாஷையும் ஊரும் தெரியும்னு நினைச்சவிய. நம்ம ஊர் அப்போ தேரி மண்ணும் பனையும். தெருவை நேர் நேரா அளந்து போட்டது, கிணறு வெட்டினது, மரம் வச்சது எல்லாம் அவிய வந்த பொறவு. நம்ம வீட்டு வாசல்ல நின்னு பாரு, தெருக்கடைசி வரைக்கும் கோணாமப் போகும்.

மாமா, 7:50
மச்சான், கோபுரத்தைப் பத்தி எப்ப சொல்லுவிய? எங்க மெஞ்ஞானபுரம் 192 அடி

அத்தை, 7:51
இவிய ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா, 7:58
மாப்ளே, உங்களுது சி.எம்.எஸ். மிஷன், எங்களுது எஸ்.பி.ஜி. அந்தக் கணக்கெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு. 1877ல கல்கத்தாவுல ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் அபிஷேகம். எஸ்.பி.ஜி. பக்கத்துக்குக் கால்டுவெல், சி.எம்.எஸ். பக்கத்துக்கு சார்ஜென்ட். ஒரே ஜில்லாவுல ரெண்டு உதவி அத்தியட்சர் (பிஷப்). 1896ல திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் ஆகி மார்லி அத்தியட்சர் வந்தாவ. அதுக்குப் பொறவு, 2003ல தூத்துக்குடி-நாசரேத் தனியா பிரியுற வரைக்கும், எல்லாருக்கும் ஒரே அத்தியட்சர்.

மாமா, 8:02
அசரியா அத்தியட்சரை விட்டுட்டிய. ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய அத்தியட்சர், 1912. வெள்ளாளன்விளை. எங்க பக்கம்

அத்தை, 8:03
என் கல்யாணம் எந்தக் கோயில்ல நடக்கணும்னு ரெண்டு வீடும் மூணு மாசம் பேசாம கிடந்துச்சு. இதே பேச்சுதான். போதும்

நான், 8:10
பெரியப்பா, கோயில் கட்டினதைச் சொல்லுங்க. பாப்பா பள்ளிக்கூடம் கிளம்பிட்டா

பெரியப்பா, 8:41
1847ல வேலை ஆரம்பிச்சு, 1880 ஜூலை 6 பிரதிஷ்டை. 33 வருஷம்! அஸ்திவாரம் போடும்போது தொட்டில்ல கிடந்த பிள்ளை, பிரதிஷ்டை அன்னைக்குத் தன் பிள்ளையைத் தோள்ல வச்சிக்கிட்டு நின்னிருக்கும். இடையில பணம் இல்ல, பொறவு 1876ல தொடங்கின பஞ்சம் வேற. கோயில் வேலை கிடந்த அதே காலத்துலதான், 1856ல, திராவிட பாஷைகளோட ஒப்பிலக்கணத்தையும் வெளியிட்டாவ.
ஜன்னல் வளைவு இங்கிலாந்துக் கோயில் மாதிரி, மேல கூரா முடியும். நம்ம கொத்தனாருங்க அப்படி ஒண்ணைக் கண்ணால கண்டதில்ல. வரைஞ்சு காட்டினா புரியல. அதனால ஐயரே களிமண்ணுல அச்சு செஞ்சு காட்டினதா தாத்தா சொல்லுவாவ. அதைத் தடவிப் பாத்துத்தான் கல்லை வெட்டினாவளாம். சின்ன வயசுல அந்த ஜன்னல் திண்டுல என் கையை வச்சு, "தடவிப் பாருல, இது நம்மாளு கை"ன்னு சொல்லுவாவ.

சித்தி, 8:50
அருமை அத்தான். இதை அப்படியே வாசிக்கட்டும்

தம்பி, 9:12
பெரியப்பா, 1849ல நம்ம சனத்தைப் பத்தி கால்டுவெல் எழுதின புத்தகம்? அதையும் சொல்லணும்ல

அத்தை, 9:13
பண்டிகை அன்னைக்கா

தம்பி, 9:15
அத்தை, மட்டமா எழுதினது நம்ம பூட்டனைத்தான்

பெரியப்பா, 9:40
எழுதினது உண்மை. பனையேறுற சனத்தைத் தாழ்த்தித்தான் எழுதியிருந்தாவ. படிச்ச நம்மாளுங்களுக்குப் பொறுக்கல, பின்னால பெரிய எதிர்ப்பாச்சு. அதுக்கு முன்னாலயே நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துல மிஷனரிகளோட மனஸ்தாபப்பட்டு 1857ல தனிச் சபையாவே பிரிஞ்சாவ. அதே மனுஷர்தான் 40 வருஷத்துக்கு மேல இந்த மணல்ல கிடந்ததும். 1891ல கொடைக்கானல்ல கண்ணை மூடினவியளை இங்க கொண்டு வந்துதான் கோயிலுக்குள்ள அடக்கம் பண்ணியிருக்கு. ரெண்டையும் நான் மறைக்க மாட்டேன். ஆனா பத்து வயசுப் பிள்ளை மைக்ல வாசிக்கணுமாங்கிறதை நீங்களே யோசிங்க.

தம்பி, 9:44
ஒரு வரியாவது

மாமா, 9:45
சேகர குருகிட்ட கேட்டுக்கலாம்

அத்தை, 10:20
எல்லாம் ஆம்பளையாவே இருக்கு. எலைசா அம்மா எங்க? அவிய நாகர்கோவில் மால்ட் ஐயர் மக. 1844ல கல்யாணமாகி இங்க வந்தாவ, நம்ம பேச்சு தண்ணிபட்ட பாடு. பொட்டப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சதும் ரேந்தை (லேஸ்) பின்னச் சொல்லிக் குடுத்ததும் அவிய. ரேந்தையாலதான் இந்த ஊர்ப் பொம்பளை கையில சொந்தத் துட்டு வந்துச்சு. நான் பத்தாப்பு படிச்சது அம்மா ரேந்தைத் துட்டுல

நான், 10:24
அத்தை, இதைக் கண்டிப்பா போடுதேன். ஆச்சி ரேந்தை பின்னுன தலகாணியைப் பண்டிகைக்குக் கொண்டு வந்தா பிள்ளைங்களுக்குக் காட்டலாமே

அத்தை, 10:31
அது மெட்ராஸ் போயி ஏழு வருஷமாச்சு

சித்தி, 10:48
மைனி, நான் கேக்காம எடுக்கல. உங்க அம்மாதான் என் கையில குடுத்தாங்க

அத்தை, 10:50
கடைசி மாசம் அம்மா என் வீட்லதான் கிடந்தா

பெரியப்பா, 11:15
1947 செப்டம்பர் 27ல தென்னிந்திய திருச்சபை உண்டானதையும் சேத்துக்கோ. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், எஸ்.ஐ.யூ.சி.ங்கிற தென்னிந்திய ஐக்கிய சபை மூணும் ஒண்ணாச்சு. ஒண்ணானாலும் அத்தியட்சர் முறையை விடல.

சித்தப்பா, மதியம் 1:05
(படம்)

சித்தப்பா, 1:06
தலகாணியைப் பரண்ல இருந்து இறக்கினேன். வைக்கோல் அப்படியே இறுக்கமா இருக்கு. நூல் சுத்தின குச்சி இருபத்திரெண்டு எண்ணினேன். பாதிப் பூவோட நிக்குது, ஊசி எடுக்கவே இல்ல

அத்தை, 1:30
ஆறு இதழ் பூ. எனக்குப் பாவாடை ஓரத்துக்குன்னு தொடங்கினது. கண்ணு தெரியாமப் போச்சு, விட்டுட்டா

சித்தி, 1:34
இது எனக்குத் தெரியாது மைனி. பண்டிகைக்குக் கொண்டு வாறேன்

மாமா, 1:35
பொறவு யார் வீட்ல இருக்கணும்னு அங்க வச்சுப் பேசிக்கலாம்

அத்தை, 1:36
நீங்க சும்மா இருங்க

நான், இரவு 8:20
பாப்பாவுக்கு எழுதினதுல முதல் பத்தி. பாத்துச் சொல்லுங்க:
"எங்கள் ஊரில் கோயிலுக்கு முன்பே சபை இருந்தது. 1841இல் கால்டுவெல் ஐயர் நடந்து வந்தார். எங்கள் கொத்தனார்கள் இதற்கு முன் பார்த்தே இராத ஜன்னலைக் கல்லில் செய்தார்கள். கோயில் முடிய 33 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் எலைசா அம்மையாரிடம் எங்கள் பாட்டிமார் ரேந்தை பின்னக் கற்றார்கள். என் பூட்டியின் தலையணை இதோ இந்த மேசையில் இருக்கிறது."

பெரியப்பா, 8:26
நல்லா இருக்கு மக்களே. முதலூரை விட்டுட்டியே. 1947ம் இல்ல

தம்பி, 8:27
அந்த ஒரு வரி க்கா

நான், 8:30
"அவர் எங்களைப் பற்றி எழுதியவற்றில் எங்கள் மூத்தோரை நோகச் செய்ததும் உண்டு" அப்படின்னு போட்டா போதுமா? அடைப்புக்குள்ள வச்சிருக்கேன். பெரியப்பா சொன்னா எடுக்கேன்

பெரியப்பா, 8:52
காலையில சொல்லுதேன்

சித்தி, 9:10
மைனி, ஊசியெல்லாம் துருப்பிடிச்சிருக்கு. கழட்டித் துடைச்சுக் கொண்டு வரவா?

அத்தை, 9:11
தொடாத. ஊசியை எடுத்தா பூ அவுந்துரும். மடியில வச்சு அப்படியே கொண்டா

தம்பி, 9:15
சாவி யார்ட்டன்னு யாரும் சொல்லலியே